ஏலப்பாறையிலிருந்து ஐந்து வாட்

2024ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், மாதத்தின் நான்காம் சனிக்கிழமை. வங்கிகளுக்கு விடுமுறை. அத்தகைய வாரங்களில் வெள்ளிக்கிழமை மாலையே குமுளி வழியாகக் கம்பத்துக்குப் பேருந்து ஏறிக் குடும்பத்தினரைக் காணச் செல்வது என் வழக்கம். அந்த வாரம் நான் செல்லவில்லை. ஏலப்பாறையில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில், அதிகாலை 5 மணிக்கே ஒரு குவளை கட்டன் சாயாவை அருகில் வைத்துக்கொண்டு, சிறு பெட்டியொன்றின் முன் ஹெட்ஃபோன் மாட்டி அமர்ந்திருந்தேன். கடிகாரம் 5.30ஐத் தொட்டதும், அதுவரை ஓய்ந்திருந்த அலைவரிசை முழுவதும் ஒரே நேரத்தில் மோர்ஸ் ஒலிகளால் நிரம்பியது.

உலகப் பொது நேரப்படி அது சனிக்கிழமை 0 மணி. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் நடைபெறும் ‘சி.கியூ. வேர்ல்டு வைடு’ மோர்ஸ் போட்டி அந்த நொடியில்தான் தொடங்குகிறது. ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி உலகின் மிகப் பெரிய போட்டி இது. அக்டோபரில் குரல்வழியாகவும் நவம்பரில் மோர்ஸ்வழியாகவும் நடைபெறும் இதில் 35,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்பதாக அமைப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். மைதானமும் கூட்டமும் இதற்கு இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்தே 48 மணி நேரத்தில் எத்தனை நிலையங்களுடன், எத்தனை நாடுகளுடன் தொடர்புகொள்ள முடிகிறது என்பதே போட்டி.

விதிகள் வணிகவியல் படித்தவனுக்கு எளிதில் விளங்குபவை. வேறு கண்டத்து நிலையத்துடன் தொடர்பு கிடைத்தால் 3 புள்ளிகள். ஆசியாவுக்குள்ளேயே வேறு நாடு என்றால் 1 புள்ளி. நம் நாட்டு நிலையத்துக்குப் புள்ளி கிடையாது. உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியா 22ஆம் மண்டலம். ஒவ்வோர் அலைவரிசையிலும் புதிதாகப் பிடிக்கும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மண்டலமும் பெருக்கெண்ணில் ஒன்றைக் கூட்டும். மொத்தப் புள்ளிகளைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் இறுதி மதிப்பெண். ஆகவே பத்து ஜப்பான் நிலையங்களைவிட, இதுவரை பிடிபடாத ஒரு நாடு அதிகம் தரக்கூடும்.

போட்டியாளர்களை அனுப்பு திறன் கொண்டு மூன்றாகப் பிரிக்கின்றனர். முதல் பிரிவினர் 1,500 வாட் வரை பயன்படுத்தலாம். அவரவர் நாட்டுச் சட்டம் அனுமதித்தால். அடுத்த பிரிவுக்கு 100 வாட். மூன்றாவது பிரிவுக்கு 5 வாட் மட்டுமே. இந்தக் கடைசிப் பிரிவுக்கு ‘கியூ.ஆர்.பி.’ என்று பெயர். தந்திக் காலத்துச் சுருக்கக் குறிகளில் ‘மின்திறனைக் குறைக்கவும்’ என்று பொருள்படும் குறி அது. வீட்டுக் கூடத்தில் எரியும் 9 வாட் எல்.இ.டி. விளக்கை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறையப் பாதி. நான் போட்டியிட்டது இந்தப் பிரிவில்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முதல் காரணம் எளியது: அதிகத் திறனுள்ள கருவி விலை அதிகம். இரண்டாவது, கணக்கு நாம் நினைப்பதுபோல் இல்லை. வானொலிப் பெட்டியில் அலையின் வலிமையைக் காட்டும் மானியில் ஒரு படி ஏற, அனுப்பும் திறன் நான்கு மடங்காக வேண்டும். 100 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தால், இருபதில் ஒரு பங்காகிறது. ஆயினும் எதிர்முனையில் மானி இறங்குவது இரண்டு படிகளுக்குச் சற்றே மேல். 1,500 வாட்டுடன் ஒப்பிட்டாலும் இறக்கம் நான்கு படிகளை ஒட்டியதே. முந்நூறு மடங்குச் செலவுக்கு நான்கு படி ஏற்றம் என்பதைக் கடன் விண்ணப்பமாக யாரேனும் என் மேசைக்குக் கொண்டுவந்தால், இரண்டு முறை யோசிப்பேன்.

குறையும் அந்த நான்கு படிகளை வேறு வழிகளில் ஈடுகட்ட வேண்டும். உயரமான இடம், நல்ல ஆன்டெனா, பொறுமை. இவற்றில் முதலாவதை ஏலப்பாறை இலவசமாகத் தருகிறது. இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் மலைச்சாலையில் அமைந்த சிற்றூர் இது. பெயரில் ஏலம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தேயிலைதான். எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர், தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறி வந்தவர்களின் வழியினர்.

ஆன்டெனாவைத் தந்தவையும் தோட்டங்களே. தேயிலைக்கு நிழலுக்காக நடப்படும் சில்வர் ஓக் மரங்கள் இரண்டு, என் வீட்டுக்குப் பின்னால் தக்க இடைவெளியில் நின்றிருந்தன. வீட்டு உரிமையாளரின் இசைவு பெற்று, பக்கத்து வீட்டுச் சிறுவனின் உண்டிவில்லால் நைலான் கயிற்றை மரக்கிளைகளுக்கு மேல் செலுத்தி, ஏறத்தாழ 20 மீட்டர் நீளச் செப்புக் கம்பியை நடுவில் துண்டித்து இணைத்துக் கட்டினோம். அது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான அளவு. அதன் மும்மடங்கான 21 மெகாஹெர்ட்ஸிலும் அதே கம்பி வேலை செய்யும் என்பது இயற்கை தரும் ஊக்கத்தொகை. 14, 28 மெகாஹெர்ட்ஸ்களுக்கு 10 மீட்டரிலும் 5 மீட்டரிலும் இரண்டு கம்பிகளை அதே நடுப்புள்ளியில் இணைத்தேன். மொத்தச் செலவு இருவர் குமுளிக்குச் சென்று நல்ல உணவு உண்டு திரும்புவதைவிடக் குறைவு.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003இல் ‘பிட்எக்ஸ்’ என்னும் குறைதிறன் வானொலியின் வரைபடத்தை வெளியிட்டார். 14 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6 வாட் தரும் கருவி. சாதாரண மின்னணுக் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே எவரும் அமைக்கலாம் என்பது அதன் சிறப்பு. அரிய காந்த வளையத்துக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய்க்கான வாஷரில் கம்பி சுற்றிச் சுருள் செய்யும் வழியை அவர் காட்டினார். எளிய பொருளால் உயர்ந்த கருவி செய்யலாம் என்பதற்கு அந்த வாஷரை உலகெங்கும் ஹாம்கள் எடுத்துக்காட்டுவர். பின்னாளில் ஹைதராபாத்துப் பெண்கள் குழுவொன்று கைகளால் சுருள்களைச் சுற்றிக்கொடுக்க, ஆயத்தப் பலகைகளாகவே அவை பல நாடுகளுக்கும் சென்றன. 2017இன் இறுதியில் வந்த ‘மைக்ரோபிட்எக்ஸ்’ 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குவது. என் மேசையில் இருப்பது அதுவே. அலைவரிசை ஏற ஏற அதன் திறன் குறையும். 7 மெகாஹெர்ட்ஸில் 5 வாட்டுக்கு மேல் போகாதபடி குறைத்துவைத்தால், 28இல் 2 வாட்டைத் தாண்டாது. அது அதன் குணம், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் உரிமம் தேவை. மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தைச் சேர்ந்த கம்பியில்லாத் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு நடத்தும் தேர்வில் தேறியவர்களுக்கே உரிமம் கிடைக்கும். 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். பொதுத்தரத் தேர்வில் நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் பெறவும் தெரிய வேண்டும். நாற்பதாம் வயதுக்குப் பின் மோர்ஸ் கற்பது, நாற்பதாம் வயதுக்குப் பின் மிதிவண்டி கற்பதைப் போன்றது. பிள்ளைகளுக்கு முன்னால் விழ நேரிடும்.

தேர்வு கேட்கும் வேகம் 8 சொற்கள். போட்டியில் ஓடும் வேகமோ 30 சொற்களை ஒட்டியது. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்புதான் புரிந்தது: பெரிய நிலையங்கள் தம் அழைப்புக்குறியையும் மண்டல எண்ணையும் நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. இரண்டு மூன்று சுற்றுகள் காத்திருந்து கேட்டால் முழுவதையும் எழுதிக்கொள்ளலாம். அதன்பின் நான் அனுப்ப வேண்டியது என் அழைப்புக்குறியும், ‘599 22’ என்னும் குறிப்பும் மட்டுமே.

சனிக்கிழமை பகல் முழுவதும் காத்திருப்பிலேயே கழிந்தது. சூரியன் தன் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை அடைந்துவிட்டதாக அமெரிக்காவின் நாசா ஒரு மாதத்துக்கு முன்புதான் அறிவித்திருந்தது. சூரியப் புள்ளிகள் மிகும்போது வளிமண்டலத்தின் மேலுள்ள அயனிமண்டலம் உயர்ந்த அலைவரிசைகளையும் பூமிக்குத் திருப்பி அனுப்பும். காலையில் 28 மெகாஹெர்ட்ஸில் ஜப்பான், பிற்பகலில் ஐரோப்பா என்று உலகமே கைக்கெட்டும் தொலைவில் ஒலித்தது. ஒலித்ததே தவிர, என்னை யாரும் கேட்கவில்லை. சம்பள நாளன்று கவுண்டர் முன் நெருக்கியடிக்கும் கூட்டத்தில், கடைசியில் நின்று மெல்லிய குரலில் பேசும் முதியவரின் நிலைதான் என் நிலை. வலியவர்கள் எல்லாரும் முடித்துச் சென்றபின்பே என் முறை வந்தது. இரவு 9 மணிக்கு எண்ணிப் பார்த்தேன்: 31 தொடர்புகள்.

அப்போதுதான் மின்சாரம் போயிற்று. என் கருவி 12 வோல்ட் பாட்டரியில் இயங்குவதால் அது நின்றுவிடவில்லை. ஆனால் ஹெட்ஃபோனில் நிகழ்ந்த மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை ஓயாமல் இரைந்துகொண்டிருந்த ஒலி சட்டென்று அடங்கியது. எல்.இ.டி. விளக்குகள், கைபேசி சார்ஜர்கள், தொலைக்காட்சிப் பெட்டிகள் என நம் வீடுகளிலுள்ள மின்னணுக் கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு இரைச்சலை வானில் கலக்கின்றன. ஏலப்பாறை முழுவதும் இருண்டபோது அந்தத் திரை விலகியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், 7 மெகாஹெர்ட்ஸில், அதுவரை இருப்பதே தெரியாதிருந்த மெல்லிய ஒலிகள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. கென்யா வந்தது. இரண்டு முறை கூப்பிட்டதும் பதில் கிடைத்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மின்சாரம் திரும்பியபோது, ஊரில் அதற்காக வருந்திய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை, கீழ்வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் மாடியேறி வந்தார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்துக்காக எங்கள் கிளைக்கு வருபவர். மரத்திலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கம்பியைச் சற்று நேரம் பார்த்தார்.

“இதுல என்ன சாரே கெடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காதுங்க ஐயா. ஒரு சான்றிதழ் வரும். அதையும் நாமே அச்சடிச்சுக்கணும்.”

“காசு?”

“காசு வாங்கினா உரிமமே போயிரும்.”

உண்மைதான். பொருளாதார ஆதாயம் இன்றிச் செய்யப்படுவதே அமெச்சூர் வானொலி என்பது உலக நாடுகள் ஏற்ற வரையறை. வணிகச் செய்தி எதையும் அதில் அனுப்பக் கூடாது. பெரியவர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “பெட்டிமுடில அன்னைக்கு இப்பிடி ஒண்ணு இருந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

மூணாறுக்கு அப்பால் இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மலைச்சரிவு தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். கைபேசித் தொடர்பு இல்லாததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டுவதற்கே விடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் எங்கள் பீர்மேடு வட்டத்துக் கொக்கையாறில் நிலச்சரிவு. இங்குள்ளோருக்கு இவை செய்தித்தாள் நிகழ்வுகள் அல்ல, உறவினர்களின் பெயர்கள்.

ஒரு சிறு ரேடியோ அங்கே எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்று கூற நான் துணியேன். ஆனால் அத்தகைய இரவுகளில் அது என்ன செய்யக்கூடும் என்பது கற்பனையன்று. 2004 டிசம்பரில், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், அந்தமானிலிருந்து உலக ஹாம்களுடன் தொடர்புகொள்ளும் முயற்சிக்காகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். பல ஆண்டுகளாக அத்தீவுகளிலிருந்து ஹாம் ஒலி கேட்டிராததால் உலகமே அவரை அழைத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. தொலைபேசிகள் அறுந்த நிலையில் அவருடைய நிலையமே தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைச் சுமந்தது. விளையாட்டாக எடுத்துச்சென்ற அதே கருவிகள், அதே ஆன்டெனா. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவின்போதும் ஹாம்கள் கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்தில் நிலையம் அமைத்தனர்.

மலைநாட்டுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கையடக்கக் கருவிகளின் அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை. ஒரு மேடு குறுக்கிட்டால் நின்றுவிடும். 7 மெகாஹெர்ட்ஸ் அலையோ, தாழ்வாகக் கட்டிய கம்பியிலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக மேலே சென்று, பகல் நேரத்தில் அயனிமண்டலத்தில் பட்டு மழைபோல் கீழே இறங்கும். நடுவே எத்தனை மலை இருந்தாலும் பொருட்டில்லை. பள்ளத்தாக்குக்குள் இருப்பவனும் கேட்பான். 5 வாட்டும் ஒரு பாட்டரியும் அதற்குப் போதும். கேட்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

ஞாயிற்றுக்கிழமை நிலைமை மாறியது. பெரிய நிலையங்கள் வலியவர்கள் அனைவரையும் முதல் நாளே பிடித்துவிட்டன. இப்போது அவை பதிலின்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. மெல்லிய குரலையும் காதுகொடுத்துத் தேடின. மாதக் கடைசியில் கூட்டமற்ற கவுண்டரைப் போல, கூப்பிட்டவுடன் பதில் வந்தது. இத்தாலி, பின்லாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. மாலைக்குள் நூறைத் தாண்டினேன். இரவு மூன்று மணி நேரம் உறங்கி, அலாரம் வைத்து எழுந்தேன். திங்கள் அதிகாலை 5.30க்குப் போட்டி முடிந்துவிடும்.

5.17க்கு அந்த நிலையத்தைக் கேட்டேன். கரீபியன் தீவொன்று, 8ஆம் மண்டலம். எனக்கு 7 மெகாஹெர்ட்ஸில் அந்த நாடும் புதிது, மண்டலமும் புதிது. அழைத்தேன். என் அழைப்புக்குறியின் கடைசி எழுத்து மட்டும் விடுபட்டு, ஒரு கேள்விக்குறியுடன் திரும்பி வந்தது. பூமியின் மறுபக்கத்தில் ஒருவர் என் 5 வாட்டைக் கேட்டுவிட்டார்! முழுக் குறியையும் இரண்டு முறை அனுப்பி, 599 22 என்றேன். அந்தக் கணத்தில் அலை தேய்ந்தது. இரைச்சலுக்கு அடியில் ஏதோ அசைந்தது. அது எனக்கான ஒப்புதலா, வேறொருவருக்கான பதிலா என்று தெரியவில்லை. அலை மீண்டும் தெளிந்தபோது அவர் அடுத்தவருடன் பேசிக்கொண்டிருந்தார். மறுபடி அழைத்தேன், கேட்கவில்லை. 5.30 ஆயிற்று.

தாளில் பென்சிலால் எழுதியிருந்த அந்த வரியை அடித்தேன்.

போட்டியின் நேர்மை பதிவேடுகளை ஒப்பிடுவதில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் பதிவேட்டைக் குறித்த நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். கணினி அனைத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும். நான் பேசியதாக எழுதியவர் பதிவில் நான் இல்லையென்றால், அந்தத் தொடர்பு நீக்கப்படுவதோடு தண்டமாகவும் புள்ளிகள் கழியும். பட்ட வகுப்பில் நாம் போட்ட வங்கிச் சரிகட்டும் பட்டியலேதான். ரொக்க ஏட்டில் இருந்து பாஸ் புத்தகத்தில் இல்லாத பதிவு தப்பாது. உறுதியாகக் கேட்காததை எழுதாதே என்பது இருபதாண்டு வங்கிப் பணி எனக்குள் ஊறவைத்த பழக்கம்.

என் கணக்கு: 118 தொடர்புகள், 271 புள்ளிகள், பெருக்கெண் 93, மொத்தம் 25,203. அந்தத் தீவைச் சேர்த்திருந்தால் 274ஐ 95ஆல் பெருக்கி 26,030. விட்டுக்கொடுத்தது 827. தூய்மையான பதிவேடு என்ற நிறைவோடு அன்று கிளைக்குச் சென்றேன். 11 மணிக்குக் கொட்டாவியை அடக்க முடியவில்லை என்பது வேறு.

முடிவுகள் வந்தபின் பங்கேற்றோரின் பதிவேடுகளை அமைப்பாளர்கள் எல்லாரும் காணும்படி வெளியிடுகின்றனர். ஓய்வான ஒரு மாலையில் அந்தக் கரீபியன் நிலையத்தின் பதிவேட்டைத் திறந்து, கடைசிப் பகுதிக்குச் சென்றேன். உலக நேரம் 23.47. என் அழைப்புக்குறி அங்கே இருந்தது. கடைசி எழுத்து உட்பட, முழுமையாக, 599 22 என்ற குறிப்போடு.

அவர் என்னைச் சரியாகவே கேட்டிருக்கிறார். இரைச்சலுக்கு அடியில் அசைந்தது எனக்கான ஒப்புதலே. ஆனால் என் பதிவேட்டில் அவர் இல்லை. ஆகவே ஒப்பிடும் கணினியின் பார்வையில் பிழை செய்தவர் அவர். தொடர்பும் போயிற்று, தண்டமும் கட்டினார். அவருடைய பெருக்கெண் என்னுடையதைப் போல் பல மடங்கு என்பதால், நான் இழந்த 827ஐவிட அவர் இழந்தது மிக அதிகம். எழுதாமல் விட்டால் எவருக்கும் நட்டமில்லை என்று நான் எண்ணியிருந்தேன். சரிகட்டும் பட்டியலில் இரண்டு பக்கங்கள் உண்டு என்பதை, வங்கி அதிகாரியான நானே மறந்திருந்தேன்.

கேட்காததைக் கேட்டதாக எழுதியிருக்க வேண்டும் என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சியிருந்த 13 நிமிடங்களில், ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தது சரியா என்ற கேள்வி இருக்கிறது. ஐந்து முறை, பத்து முறை அழைத்து உறுதி கேட்டிருக்கலாம்; போட்டியில் அது வழக்கந்தான். தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம் தடுத்தது.

2025இல் இப்போட்டி நவம்பர் 29ஆம் நாள் தொடங்குகிறது. ஏழில் ஆறு ஆண்டுகள் நான்காம் சனிக்கிழமையிலேயே வரும் போட்டி, இம்முறை ஐந்தாம் சனிக்கிழமையில் வருகிறது. கிளைக்கு அன்று வேலைநாள். மாதக் கடைசி வேறு. விடுப்பு கிடைப்பது ஐயம். ஆயினும் 7 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தீவுக்கு வழி திறப்பது ஞாயிறு, திங்கள் அதிகாலைகளில். அதற்கு விடுப்பு தேவையில்லை.